படிக்கட்டில் உட்காரும் தாமசின் கல்லிக்

பொய் சொல்லவே வராத ஒருத்தியை, ஒரு ரகசியத்துக்குக் காவலாக யாராவது உட்கார வைப்பார்களா? கம்பளிக் கிடங்கின் படிக்கட்டில் தாமசின் கல்லிக் என்பவளைப் புதிதாகப் பார்த்தவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். அப்போது எங்களில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பாவாடையை இரண்டு பக்கமும் விரித்து, ஒரு தோள் சுவரிலும் மறு தோள் கைப்பிடியிலும் படும்படி அந்தக் குறுகலான படியை அடைத்துக்கொண்டு உட்காருவாள். பின்னல் ஊசியைத் தொடமாட்டாள். கர்த்தருடைய ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது, பின்னுவதும் வேலை. சும்மா இருக்கும் கைகள் அவளுக்குத் தொந்தரவு. அதனால் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிடுவாள். மாடியில் கம்பளி மூட்டைகளுக்கு நடுவே எங்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிடுவதால் அவள் காதுக்கு வருவது வெறும் முணுமுணுப்புத்தான்.

மற்ற நாட்களில் அவள் முட்டை விற்கிறாள். கூடையை இறக்கிவைத்ததும் வாங்குகிறவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்: "இந்த ஓரத்துல இருக்கிறது போன வாரத்தது. மாவுல அடிச்சு ஊத்தலாம், அவிச்சுத் திங்க ஆகாது." பேரம் பேசினால் முகம் சுருங்கிவிடும். "குறைச்சுக் குடுத்தா, நான் மொதல்ல சொன்ன வெல பொய்யின்னு ஆயிடும்ல?" என்பாள். சில பெண்கள் இதற்காகவே அவளிடம் வாங்குவார்கள். சிலர் இதற்காகவே வேறு தெருவில் வாங்குவார்கள்.

அவள் கணவனை அடக்கம் செய்த அன்று, கோயில் குருவானவர் அந்த மனிதரின் பொறுமையைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து தாமசினின் குரல் கேட்டது: "பொறுமையெல்லாம் அவருக்குக் கெடையாதுங்க. நல்ல மனுசன், அவ்வளவுதான்." குழி தோண்டுகிறவன் மண்வெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அவள் கோயிலைவிட்டு வெளியே வந்ததும் இந்தக் குணத்தால்தான். அரசாங்கம் புதிதாக அச்சடித்து அனுப்பிய ஜெபப் புத்தகத்தை வரி மாறாமல் வாசிக்க வேண்டும், அதில் உள்ள அத்தனைக்கும் மனமார ஒப்புகிறேன் என்று சபையார் முன்னால் ஒவ்வொரு போதகரும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் போதகர் எலியாசர் பிரூம் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார், பிரித்தார், மூடினார். "மனமார" என்ற இடத்தில் தன்னால் பொய் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் பிரசங்க பீடத்திலிருந்து இறங்கி நடந்தார். அவர் பின்னால் போனவர்களில் பலருக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஆயிரம் குறை இருந்தது. தாமசினுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அவரு மனசுல இல்லாதத அவரு எப்படிச் சொல்லுவாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. வீட்டு ஆட்கள் போக ஐந்து பேருக்கு மேல் கூடி வேறு விதமாக ஜெபித்தால் குற்றம், அபராதம். வெளியேற்றப்பட்ட போதகர் தன் பழைய ஊருக்கு ஐந்து மைலுக்குள் வந்தால் சிறை. பிரூம் ஒருமுறை பிடிபட்டு ஒரு குளிர்காலம் முழுவதும் சிறையில் கிடந்தார். வெளியே வந்தபோது இரண்டு கால்களும் பாதி செத்திருந்தன, நெஞ்சில் சளி குடியேறியிருந்தது. இன்னொரு குளிர்காலம் அங்கே கிடந்தால் பெட்டியில்தான் வெளியே வருவார் என்பது எல்லாருக்கும் தெரியும். மாஜிஸ்திரேட் ஃபிப்பார்டுக்கும் தெரியும்.

கிடங்கு கெசியா ஸ்லேட் என்ற விதவையுடையது. கம்பளித் துணி வியாபாரம். கூர்மையான மூளை, அதைவிடக் கூர்மையான நாக்கு. மாடியில் சாயம் ஏற்றாத ஒரு நீளத் துணியைக் குறுக்கே தொங்கவிட்டு, பேசுகிறவரை அதற்குப் பின்னால் உட்கார வைத்தவள் அவள்தான். யாரையும் பார்க்காதவர்கள் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது. ஒரு வாரம் தச்சர் பேசுவார், ஒரு வாரம் நெசவாளி, எப்போதாவது பிரூம். பேசுகிறவர் கொல்லைப்பக்க ஏணி வழியாக மேலே போய்விடுவார். முன்பக்கப் படிக்கட்டில் தாமசினை வைத்ததும் கெசியாதான். அந்த வேலைக்கு ஏன் அவள் என்று கேட்டவர்களிடம் சிரித்துக்கொண்டு நழுவிவிடுவாள்.

காரணம் மெதுவாகத்தான் விளங்கியது. ஊர்க் காவலர் ஜாஸ்பர் யேட்ஸ் செருப்புத் தைக்கிறவன். அந்த வருஷம் முறை அவன் தலையில் விழுந்ததால் காவலர் கோலைப் பிடித்தவன். ஞாயிறுதோறும் வந்து, கல்லிக்கம்மாவுக்கு முன்னால் நின்று, மேலே யார் பேசுகிறார்கள் என்று கேட்பான். அவள் "தெரியாதுப்பா" என்பாள். அவன் திரும்பிப் போய் மாஜிஸ்திரேட்டிடம், தாமசின் கல்லிக்குக்கே தெரியாதாம் என்பான். அதோடு முடிந்துவிடும். வேறு யார் தெரியாது என்று சொல்லியிருந்தாலும் அந்த வார்த்தை செல்லாக்காசு. பழைய முட்டையைப் பழைய முட்டை என்று சொல்லி விற்கிறவள் சொன்னால் அது செல்லும். கெசியா செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தாமசினுக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டி உறைந்திருந்தது. கொல்லைப்பக்க ஏணியின் படிகள் கண்ணாடியாக வழுக்கின. வைக்கோலுக்கு அடியில் படுத்து வண்டியில் வந்த பிரூமால் அதில் கால் வைக்கவே முடியவில்லை. கம்பளி மூட்டை ஏற்றுகிற உருளையும் கயிறும் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு பேர் இழுத்தால் நொடியில் மேலே போய்விடலாம் என்று கெசியா கெஞ்சினாள். போதகர் மறுத்துவிட்டார். தன் கால் வலிக்காமல் இருக்க இரண்டு சகோதரர்கள் கர்த்தருடைய நாளில் கயிறு இழுத்து வேலை செய்வதா? தானே நடந்து போவதாகச் சொல்லி, கோலை ஊன்றிக்கொண்டு முன்பக்கம் சுற்றி வந்துவிட்டார்.

காலடிச் சத்தம் கேட்டுத் தாமசின் நிமிர்ந்தாள். பார்க்கக் கூடாத முகத்தைப் பார்த்துவிட்டாள்.

அவர் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறி, மூச்சு வாங்கி, தம் வழக்கப்படி அன்பாக விசாரித்தார். "சகோதரி தாமசின், சுகமா? சிறைக்கு நீங்க குடுத்தனுப்பின சூப்பை நான் மறக்கல."

"ஐயோ, போதகரய்யா," என்றாள் அவள். "நீங்க என்கிட்டப் பேசியிருக்கக் கூடாது."

அவருக்குப் புரியவில்லை. சிறையிலிருந்து வந்தவரிடம் பேச அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை அசைத்துவிட்டு மேலே போனார். கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு தொடங்கியது. அன்று அது வெறும் முணுமுணுப்பாக இல்லை. நடுநடுவே வந்த இருமல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கைகளை எடுத்தாள், திரும்ப அடியில் வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

விஷயம் தெரிந்ததும் கெசியா மாடியிலிருந்து ஓசையில்லாமல் இறங்கி வந்து அவள் காதருகே குனிந்தாள்.

"பாத்துட்டியா?"

"பேசவும் பேசிட்டாரு."

"சரி, அதனால என்ன. ஜாஸ்பர் வந்தா எப்பவும் சொல்றதச் சொல்லு. அதே வார்த்தைதான?"

"எப்பவும் சொன்னப்போ எனக்குத் தெரியாது, கெசியா."

"ஒரு மனுசனோட உசுருடி."

கெசியா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எழுந்து மேலே போ, இன்றைக்கு இந்தப் படியில் நான் உட்காருகிறேன் என்றாள். தாமசின் முழங்காலை ஊன்றி எழ முயன்றாள். அதற்குள் தெருக்கதவு திறந்து குளிர் உள்ளே பாய்ந்தது. கெசியா இருட்டோடு இருட்டாக மேலே மறைந்தாள்.

ஜாஸ்பர் மட்டும் வரவில்லை. அவன் பின்னால் மாஜிஸ்திரேட் ஃபிப்பார்ட், அவருக்குப் பின்னால் அவருடைய இரண்டு வேலைக்காரர்கள். வைக்கோல் வண்டி ஒன்று அதிகாலையில் ஊருக்குள் வந்ததை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் ஃபிப்பார்ட் வாசலிலேயே நின்றார். போன மாதம் உளவு சொல்கிறவன் ஒருவன் பேச்சைக் கேட்டு அவர் ஒரு வீட்டுக் கதவை உடைக்க, உள்ளே கூட்டம் இருந்தது உண்மைதான். எல்லாரும் பெண்கள், நடுவில் ஒருத்திக்குப் பிரசவம். அந்தக் கதை சந்தையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை ஊர் சிரிக்க அவர் தயாராக இல்லை.

"இவகிட்ட கேளு," என்றார் ஜாஸ்பரிடம், பூட்ஸிலிருந்த பனியை உதறிக்கொண்டே. "இவ தெரியாதுன்னு சொன்னா நான் வீட்டுக்குப் போறேன். சாப்பாடு ஆறிக்கிட்டிருக்கு."

ஜாஸ்பர் வழக்கம்போல அவள் முன்னால் வந்து நின்றான். பதில் என்ன என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பாதி உடம்பு ஏற்கெனவே வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

"கல்லிக்கம்மா, மேல யாரு பேசறது?"

அவள் வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை.

அவன் முழுதாக அவள் பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். மாஜிஸ்திரேட்டுக்குத் தன் முதுகைக் காட்டியபடி, உதட்டை மட்டும் அசைத்து அவளுக்கு அந்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தான்: தெரியாது. தெரியாதுன்னு சொல்லுங்க.

மாடியில் பேச்சு நின்றுவிட்டது. இருமலும் இல்லை. மூட்டைகளுக்கு நடுவே அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீழே ஒருத்தி சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் யோசித்ததைப் பின்னால் அவளே சொல்லியிருக்கிறாள். தெரியாது என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதுதான் அவளைக் கலங்கடித்ததாம். எந்தப் பொய் வார்த்தையைச் சொல்ல முடியாமல் போதகர் கோயிலையும் வீட்டையும் இரண்டு கால்களையும் விட்டாரோ, அப்படிப்பட்ட ஒரு வார்த்தையைச் சொல்லி அவரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. சும்மா இருக்கவும் முடியாது. எப்போதும் பதில் சொல்கிறவள் வாயை மூடிக்கொண்டால் அதுவே காட்டிக்கொடுத்த மாதிரி.

"தெரியும்," என்றாள்.

ஜாஸ்பர் கண்ணை மூடிக்கொண்டான்.

ஃபிப்பார்ட் வாசலைவிட்டு உள்ளே வந்தார். "யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"சட்டம் கேக்குது, பொம்பளே."

"முட்டை கேட்டா தர்றேன். வரி கேட்டா கட்றேன், இன்னிவரைக்கும் பாக்கி வெச்சதில்ல. இது உங்களுக்குத் தர வேண்டிய பொருள் இல்லீங்க ஐயா."

அவர் கோபத்தைக் காட்டவில்லை. தந்திரமாகக் கேட்கத் தொடங்கினார். பெயரை அவள் சொல்ல வேண்டாம், அவரே சொல்வாராம். மேலே இருப்பது அந்தப் பெயர்க்காரர் இல்லையென்றால் இல்லை என்று மட்டும் அவள் சொன்னால் போதுமாம். "எலியாசர் பிரூமா?"

"நீங்க எந்தப் பேரச் சொன்னாலும் என் பதிலு இதேதான்."

"இந்த ஜாஸ்பர் பேரச் சொன்னா?"

"சொல்ல மாட்டேன்."

"என் பேரையே சொன்னா?"

"என் கோழியோட பேரச் சொன்னாலும் சொல்ல மாட்டேங்க."

வேலைக்காரர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினான். ஃபிப்பார்டின் கழுத்து சிவந்தது. இவளைத் தூக்கி ஓரமாகப் போடுங்கள் என்று உத்தரவிட்டார்.

அதே நேரத்தில் மாடியில் பாட்டு எழுந்தது. கூட்டத்தைப் பிடிக்க ஆள் வந்தால் எல்லாரும் சேர்ந்து வேதத்துச் சங்கீதம் ஒன்றைப் பாடுவது எங்கள் சபையின் வழக்கம். எல்லாரும் பாடும்போது யார் போதகர் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று பாட்டு வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம்: கிரீச், நிறுத்தம், கிரீச். கொல்லைப்பக்கம் உருளை சுற்றுகிற சத்தம்.

தாமசின் அந்தக் கிடங்குக்கு வந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமையில் அந்த உருளை சுற்றிக் கேட்டதில்லை. என்ன நடக்கிறது என்று யோசிக்கவே கூடாது என்று நினைத்து, தொண்டையைத் திறந்து தானும் பாடத் தொடங்கினாள். அவளுக்கு ராகம் வராது. மேலே இருப்பவர்கள் ஒரு வரியில் இருந்தால் அவள் வேறொரு வரியில் இருந்தாள். ஆனால் கோழிகளை நாலு தெரு தாண்டிக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

வேலைக்காரர்கள் இரண்டு பேரும் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் திமிறவும் இல்லை, எழவும் இல்லை. ஒரு மாவு மூட்டையைப் போலத் தளர்ந்து படியோடு படியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அப்படி இருக்கிறவளைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஜாஸ்பரையும் சேர்ந்து பிடிக்கச் சொன்னார் ஃபிப்பார்ட். அவனும் பிடித்தான். அவன் பிடித்த பக்கம்தான் கடைசிவரை நகரவில்லை என்று அந்த வேலைக்காரர்கள் பிறகு சாராயக்கடையில் சத்தியம் செய்தார்கள்.

ஒருவழியாக அவளைத் தாண்டி அவர்கள் மேலே போனபோது தொங்கிய துணிக்குப் பின்னால் ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. கொல்லைப்பக்கக் கதவு திறந்து கிடந்தது, வெறும் கயிறு காற்றில் ஆடியது. ஃபிப்பார்ட் அதைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கூட மூட்டாத ஜனங்கள் அன்று கயிறு இழுப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் மூட்டைகளுக்கு நடுவேதான் தேடினார். உருளையை இழுத்த இரண்டு பேர் கொப்புளம் போட்ட கைகளை மறைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். இருமுகிற கம்பளி மூட்டை ஒன்று பத்திரமாகத் தரையிறங்கி, வண்டியேறிப் போய்விட்டிருந்தது. எந்தத் திசையில் என்று இங்கே எழுதப்போவதில்லை.

பாடியவர்களுக்கு அபராதம்தான் போட முடியும், போதகர் சிக்காததால் ஃபிப்பார்ட் தாமசினைக் கொண்டுபோனார். அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தது, வழியை அடைத்தது என்று இரண்டு குற்றம். அடுத்த நீதிமன்ற அமர்வு கூடும்வரை அவள் மாவட்டச் சிறையில் இருக்க வேண்டும், அங்கே அதே கேள்வி சத்தியப் பிரமாணத்தோடு திரும்பக் கேட்கப்படும் என்று தீர்ப்பானது. வண்டியில் கொண்டுபோய் விட்டவன் ஜாஸ்பர். வழியெல்லாம் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வர, அவள் கோழிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாளாம். எது தானியத்தை எட்டி உதைக்கும், எது மழை வந்தால் தீனி எடுக்காது, எதை நம்பி வேலியைத் திறந்து விடலாம். நடுவில் அவன் ஒரே ஒரு தடவை, அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே கல்லிக்கம்மா, நானே எடுத்துக் குடுத்தேனே என்றான். "நீ நல்ல பிள்ளைதான் ஜாஸ்பர்," என்றாள். "ஆனா அப்புறம் நான் யார்கிட்டப் போயி முட்டை நல்லதுன்னு சொல்லுவேன்?"

சிறை அவளை இளைக்க வைத்திருக்கிறது. அங்கே காய்ச்சல் பரவியிருக்கிறது. வைக்கோல் ஈரம். கைதிகளுக்கு வரும் ரொட்டியை அவள் மோந்து பார்த்து, இது எத்தனை நாள் பழசு என்று சிறைக்காவலரிடமே சொல்லிவிடுகிறாள். அதனால் அவருக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆனால் இவையெல்லாம் அவளைத் தின்னவில்லை. அந்தக் காலையில் உருளை சுற்றியது அவள் காதில் விழுந்தது. கயிறு தாங்கியதா, இறங்கியவரை யாராவது கொல்லையிலேயே மடக்கினார்களா, அந்த நெஞ்சு அந்தக் குளிரைத் தாங்கியதா, எதுவும் அவளுக்குத் தெரியாது. ராத்திரியில் தூங்குவதில்லை என்று பக்கத்தில் படுக்கிறவள் சொல்கிறாள். பார்க்கப் போகிறவர்களின் முகத்தை அவள் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து துருவித் துருவிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, முகத்திலேயே சேதி தெரிந்துவிடுமே என்று பயந்தவள்போலச் சட்டென்று தரையைப் பார்ப்பாள்.

போன வாரம் கெசியா ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். சேதி சொல்லாமல் திரும்புவதில்லை என்ற முடிவோடு போயிருந்தாள். காவலர் நகர்ந்த சமயம் பார்த்து, கம்பியில் முகத்தை வைத்து அழுத்தி, "தாமசின், கேட்டுக்க, அவரு..." என்று ஆரம்பித்தாள்.

தாமசின் இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அமர்வு கூட இன்னும் சில வாரங்களே இருந்தன, அவர் என்ன ஆனார் என்று அங்கே அவளிடம் கேட்டால் தெரியாது என்பது உண்மையாக இருக்க வேண்டும். கண்களையும் இறுக மூடிக்கொண்டாள், கெசியாவின் முகத்திலிருந்து எதுவும் வந்துவிடாதபடிக்கு. கன்னத்தில் தண்ணீர் ஓடியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. கெசியா கூடையை எடுத்துக்கொண்டு போகும்வரை, போன பிறகும் வெகுநேரம்வரை, அப்படியே நின்றுகொண்டிருந்தாளாம்.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் ஊரில், சந்தையில், வண்டியில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் அடுத்தவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சிறைப்பக்கம் போகிறவர்கள் அவளைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் தயவுசெய்து அவளிடம் கோழிகளைப் பற்றி மட்டும் பேசுங்கள்.